வாரண்டி அட்டை: மூலமும் உரையும்

பள்ளிபாளையத்தில் பேட்டரிக் கடை ஏறி விலை கேட்டால், விலைக்கு முன்னால் வாரண்டிதான் வரும். "இது பதினெட்டு ப்ளஸ் பதினெட்டுங்கண்ணா. அது இருபத்தி நாலு ப்ளஸ் இருபத்தி நாலு. இன்னொரு ஆயிரம் போட்டீங்கன்னா முப்பது ப்ளஸ் முப்பது, அஞ்சு வருசத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாமுங்க." வாங்குகிறவர் மனசுக்குள் கூட்டிப் பார்க்கிறார்: அறுபது மாதம். ஆயிரத்தை எடுத்து நீட்டிவிடுகிறார். பேட்டரியோடு வந்த மடித்த அட்டை, காரின் டேஷ்போர்டுக்குள் பழைய இன்சூரன்ஸ் பேப்பருக்கும் டோல் ரசீதுக்கும் நடுவே போய்ச் சேர்கிறது.

அந்த அட்டைக்குத்தான் இந்த உரை. எந்த ஒரு கம்பெனியின் அட்டையையும் நான் எழுத்துக்கு எழுத்து எடுக்கவில்லை. அநேகமாக எல்லா அட்டைகளிலும் இருக்கிற நிபந்தனைகளை என் சொல்லில் சுருக்கி மூலமாக வைத்திருக்கிறேன். உங்கள் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். மாத எண்ணிக்கை மாறும், ஓரிரு வரிகள் கூடும் குறையும். மற்றபடி எல்லாம் ஒரே அச்சுத்தான்.

மூலம்: "தயாரிப்புக் குறைபாட்டால் பேட்டரி பழுதடைந்தால் மட்டுமே இந்த வாரண்டி பொருந்தும்."

உரை: அட்டையின் உயிர் இந்த வரியில் இருக்கிறது. மற்றவை எல்லாம் இதற்குக் கை கால்கள். பேட்டரி இத்தனை மாதம் உழைக்கும் என்று கம்பெனி எங்கேயும் எழுதித் தரவில்லை. செய்யும்போது ஏதாவது கோளாறு நேர்ந்து, அது இத்தனை மாதத்துக்குள் வெளியே தெரிந்தால் பொறுப்பேற்கிறேன் என்கிறது, அவ்வளவுதான். கடைக்காரர் சொல்லும் "அஞ்சு வருசம் திரும்பிப் பார்க்க வேண்டாம்" அட்டையில் கிடையாது.

கோளாறு என்றால் என்ன? 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியை வண்டி நின்று சில மணி நேரம் கழித்து மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 அல்லது அதற்குச் சற்று மேலே காட்டும். ஒரு செல்லுக்குள் பிளேட்டும் பிளேட்டும் உரசி ஷார்ட் ஆகிவிட்டால் அந்த 2.1 போய்விடும், மீட்டர் பத்தரைக்கு வந்து நிற்கும். எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அதற்கு மேல் ஏறாது. கடையில் "செல் டெட்" என்பது இதைத்தான். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள ஈய வெல்டிங் விட்டுப்போவது, பெட்டி தானாக விரிசல் விட்டு ஆசிட் கசிவது ஆகியவையும் இந்த வகை. இவை வந்தால் அநேகமாகப் பேச்சே இல்லாமல் மாற்றிக் கொடுப்பார்கள்.

தகராறு வருவது இன்னொரு இடத்தில். காலையில் செல்ஃப் எடுக்கவில்லை, பேட்டரி இறங்கிவிட்டது, கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். அட்டையின் கண்ணில் இறங்கிப்போவது குறைபாடு ஆகாது. நம் ஊர்க்காரர்கள் இதில் அதிகம் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் நாம் வண்டி ஓட்டும் விதம். பள்ளிபாளையத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டினால் ஈரோடு. துணிக்கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, ரயிலுக்கு என்று எல்லாமே நாலைந்து கிலோமீட்டர்தான். அதில் பாதி நேரம் பாலத்து நெரிசலில் ஏசியும் பாட்டும் ஓட நின்றுகொண்டிருப்போம். ஒருமுறை ஸ்டார்ட் செய்ய பேட்டரி கொடுப்பது நூறு ஆம்பியருக்கு மேல், டீசல் வண்டி என்றால் இன்னும் அதிகம். கொடுத்ததை ஆல்டர்நேட்டர் (நம் மெக்கானிக்குகளுக்கு இன்றைக்கும் அது டைனமோதான்) திரும்ப நிரப்புவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம். மாதக்கணக்கில் அரை வயிறாகவே கிடக்கும் பேட்டரியின் பிளேட்டில் ஈய சல்பேட் இறுகிப்போகும். இறுகியது பிறகு எளிதில் கரையாது. அது தயாரிப்புக் குறைபாடா, உபயோகக் குறைபாடா? கம்பெனியின் பதில் உங்களுக்குத் தெரிந்ததுதான். வாரத்தில் ஒருநாள் சங்ககிரி வரைக்கும் ஒரு நடை ஓட்டிவிட்டு வருகிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

வெயில் அடுத்தது. ஈய-அமில பேட்டரியில் பத்து டிகிரி வெப்பம் கூடினால் உள்ளே அரிமானத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் ஈரோட்டுப் பக்கம் வெளியிலேயே 40 டிகிரி என்றால் பானட்டுக்குள் எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளுங்கள். குளிர் நாட்டில் ஐந்தாறு வருடம் ஓடுவது இங்கே மூன்று நாலு வருடத்தில் ஓய்ந்துபோனால் அது முதுமை. முதுமைக்கு வாரண்டி இல்லை என்று சில அட்டைகள் வெளிப்படையாகவே எழுதியிருக்கின்றன.

ஆகவே சோதனையை நின்று பாருங்கள். மூடி திறக்கும் பேட்டரி என்றால் கடைக்காரர் கண்ணாடிக் குழாயில் ரப்பர் குமிழ் வைத்த ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டு ஆசிட்டை உறிஞ்சுவார். உள்ளே மிதவை நிற்கும் கோடுதான் கிராவிட்டி. நம் வெயிலுக்கு முழுச் சார்ஜில் 1240, 1250 என்று நிற்க வேண்டும். ஆறும் 1150-ல் ஒன்றுபோல நின்றால் பேட்டரி வெறுமனே இறங்கியிருக்கிறது. ஐந்து செல் 1240 காட்டி ஒன்று மட்டும் 1100-க்குக் கீழே கிடந்தால் அந்தச் செல் போய்விட்டது. ஒரு செல்லுக்கும் இன்னொன்றுக்கும் 50 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே சந்தேகப்படலாம். போனில் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் தப்பாக நினைக்கமாட்டார். மூடி இல்லாத மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரிக்கு டிஜிட்டல் டெஸ்டர் வைத்துப் பார்ப்பார்கள், துண்டுச்சீட்டு வந்தால் கேட்டு வாங்குங்கள். மேலே பச்சையாகத் தெரியும் 'கண்'ணை நம்பி வாதாட வேண்டாம், அது ஆறு செல்லில் ஒரு செல்லின் கதையை மட்டும் சொல்கிறது.

"வெச்சுட்டுப் போங்க, சார்ஜ் போட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியுமுங்க" என்று கடைக்காரர் சொல்வது தட்டிக்கழிப்பது என்று நினைப்போம். அது சரியான நடைமுறை. இறங்கிய பேட்டரியைச் சார்ஜ் ஏற்றாமல் சோதித்தால் எந்த முடிவும் நம்பத்தக்கதல்ல. அந்த ஒரு நாளுக்கு மாற்று பேட்டரி கேளுங்கள். நல்ல கடைகளில் அதற்கென்றே ஒன்றிரண்டு வைத்திருப்பார்கள்.

மூலம்: "முதல் 30 மாதங்கள் இலவச மாற்று, அடுத்த 30 மாதங்கள் புரோ ரேட்டா."

உரை: கூட்டிப் பார்க்கக் கூடாத இரண்டு எண்களைக் கூட்டித்தான் நாம் ஏமாறுகிறோம். முதல் முப்பதில் குறைபாடு நிரூபணமானால் கையிலிருந்து காசு போகாது. இரண்டாவது முப்பதில் கம்பெனி தருவது புது பேட்டரி வாங்க ஒரு தள்ளுபடிச் சீட்டு. மாதம் ஏற ஏறத் தள்ளுபடி இறங்கும். எந்த மாதத்துக்கு எத்தனை சதவீதம் என்ற பட்டியல் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், இல்லையென்றால் கடையில் இருக்கும். வாங்கும்போதே கேளுங்கள்.

தள்ளுபடி எந்த விலையில் என்பதுதான் முக்கியம். சாதாரணமாக, நீங்கள் வந்து நிற்கிற அன்றைக்கு நடப்பில் உள்ள எம்.ஆர்.பி.யில். ஆனால் பள்ளிபாளையத்திலோ ஈரோட்டிலோ எம்.ஆர்.பி. கொடுத்துப் பேட்டரி வாங்கியவர் யார்?

கணக்குக்காக ஒரு பேட்டரியின் எம்.ஆர்.பி. 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரண்டியே இல்லாத ஒருவர் நேரே கடைக்குப் போகிறார். இருபது சதவீதம் குறைத்து 4,800 என்கிறார் கடைக்காரர். பழைய பேட்டரியைப் போட்டால் அதற்கு 900 கழித்து, 3,900 ரூபாய். இப்போது வாரண்டி உள்ளவர் வருகிறார். புரோ ரேட்டாவில் அவருக்கு 35 சதவீதம். 6,000-த்தில் 2,100 போனால் 3,900. பழைய பேட்டரி கம்பெனிக்குத் திரும்பப் போகவேண்டும், ஆகவே அதற்குத் தனிக் காசு இல்லை. இரண்டு பேரும் ஒரே தொகையைத்தான் கொடுக்கிறார்கள். பட்டியலில் இன்னும் கீழே இறங்கி 25 சதவீதத்துக்கு வந்துவிட்டால் வாரண்டிக்காரர் கட்டவேண்டியது 4,500. வாரண்டி இருப்பதால் அவருக்கு 600 ரூபாய் நஷ்டம்! சோதனை முடியும்வரை காத்திருந்தது வேறு.

விலைகள் ஊருக்கு ஊர் மாறும், பிராண்டுக்குப் பிராண்டு மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. புரோ ரேட்டா காலத்தில் பேட்டரி போனால், கிளைம் போடும் முன் அடுத்த கடையில் "பழசைப் போட்டால் புதுசு எவ்வளவு" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஐம்பது சதவீதம் கிடைக்கும் ஆரம்ப மாதங்களில் கிளைம் லாபம். கடைசி ஒரு வருடத்தில் அது பெரும்பாலும் காகிதத்தில் மட்டும் இருக்கிற லாபம்.

இந்தக் கணக்கோடு தொடக்கத்தில் நீட்டிய ஆயிரத்தைத் திரும்பப் பாருங்கள். 48 மாதத்திலிருந்து 60 மாதத்துக்குப் போக அந்தக் காசைக் கொடுத்தோம். உண்மையில் கூடியது 24-லிருந்து 30, ஆறு மாத இலவசக் காலம். அந்த ஆறு மாதத்துக்கு ஆயிரம் கொடுக்கலாமா கூடாதா என்பது அவரவர் இஷ்டம். நானாக இருந்தால் இரண்டு பேட்டரியையும் தராசில் வைக்கச் சொல்வேன். ஒரே ஆம்பியர்-அவர் கொள்ளளவில் எடை கூடுதல் என்றால் உள்ளே ஈயம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு, அதற்குக் காசு கொடுக்கலாம். எடை ஒன்றே என்றால் அட்டையில் உள்ள எண்ணுக்குத்தான் கொடுக்கிறோம்.

மூலம்: "மாற்றித் தரப்படும் பேட்டரிக்கு, முதல் பேட்டரியின் எஞ்சிய காலம் மட்டுமே வாரண்டி."

உரை: இருபத்தெட்டாவது மாதம் புத்தம்புது பேட்டரி இலவசமாகக் கிடைத்தால், அதற்கு இலவசக் காலம் இரண்டே மாதம். பிறகு அதுவும் புரோ ரேட்டாதான். இலவசமாக மாற்றியதற்கு இது பொதுவான விதி. புரோ ரேட்டாவில் காசு கொடுத்து வாங்கினால் புது வாரண்டி உண்டா என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் இருக்கலாம். காசு நம்முடையது என்பதால் கேட்டு, பில்லில் எழுதி வாங்குவது நம் பொறுப்பு.

மூலம்: "விற்பனைத் தேதி, பேட்டரியின் வரிசை எண், டீலர் முத்திரை, வண்டி எண் ஆகியவை பூர்த்தி செய்யப்பட்ட அட்டையும் அசல் பில்லும் காட்டப்பட வேண்டும்."

உரை: கடையில் "பில் வேணுமா, வேண்டாமா" என்று ஒரு கேள்வி வரும். பில் இல்லாமல் என்றால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்பது உட்பொருள். அந்தக் கேள்விக்கு "வேண்டாம்" என்று சொன்ன நிமிஷமே வாரண்டியில் பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பேட்டரிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. மிச்சம் பிடிப்பதாக நினைத்த தொகையும் இப்போது சிறுத்துவிட்டது. பில் தராமல் விற்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

பில் இல்லாதவருக்குச் சிலர் பேட்டரியில் பொறித்த தயாரிப்பு மாதத்திலிருந்து கணக்கு வைப்பார்கள். கடையில் ஆறு மாதம் உட்கார்ந்திருந்த சரக்கு என்றால் அந்த ஆறு மாதமும் உங்கள் கணக்கில். பில் இருந்தாலும் தயாரிப்புத் தேதியைப் பார்த்தே வாங்குங்கள். அலமாரியில் சும்மா இருக்கும் பேட்டரியும் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், வெயில் படும் கடையில் இன்னும் வேகமாக. இப்போது பெரிய பிராண்டுகள் வரிசை எண்ணை ஸ்கேன் செய்து போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புகின்றன. அந்த எஸ்.எம்.எஸ். வரும்வரை கடையை விட்டு இறங்க வேண்டாம். அதில் வரும் எண்ணும் பேட்டரியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலம்: "சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கு மட்டும். வாடகை, வணிக உபயோகத்துக்கு வாரண்டிக் காலம் வேறு."

உரை: மஞ்சள் போர்டு வண்டி நாளுக்கு எத்தனையோ முறை ஸ்டார்ட் ஆகிறது, ஆகவே பல அட்டைகள் டாக்சிக்குக் காலத்தைக் குறைத்து, புரோ ரேட்டாவையும் எடுத்துவிடுகின்றன. சொந்த வண்டி என்று சொல்லி வாங்கிவிட்டால் கிளைம் அன்றைக்கு வண்டி எண்ணே காட்டிக் கொடுத்துவிடும்.

வணிக உபயோகம் என்றாலே நுகர்வோர் நீதிமன்றமும் கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. அது முழு உண்மை அல்ல. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டிக்கு வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர்தான். 1995-ல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உதாரணங்களோடு சொன்னது. எதிர்த்தரப்பு நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம், விவகாரம் ஒரு இயந்திரம் பற்றியது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவரும் லாரி வாங்கியவரும் நுகர்வோர், ஆள் வைத்து ஓட்டுவதற்கென்றே வாங்கியவர் அல்ல என்பது தீர்ப்பின் சாரம். அந்த வழக்கைப் போட்டவர் தோற்றார் என்பது வேறு கதை. நாமக்கல் மாவட்டத்தில் ஒற்றை லாரியை வாங்கித் தானே ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் இந்த வரியால் காப்பாற்றப்படுகிறார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். பத்து வண்டி, பத்து டிரைவர் வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு திறக்காது.

மூலம்: "கீழ்க்கண்டவற்றால் நேரும் பழுதுக்கு வாரண்டி இல்லை: உடைதல், தீ, விபத்து, திறந்து பழுதுபார்த்தல், தண்ணீர் மட்டம் குறைதல், அசுத்த நீர் அல்லது ஆசிட் ஊற்றுதல், பொருந்தாத அளவு, கூடுதல் மின் சாதனங்கள், வேறு உபயோகம்."

உரை: பெரும்பாலும் நியாயமான பட்டியல். இரண்டை மட்டும் பார்ப்போம்.

தண்ணீர். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. ஆகவே ஊற்றவேண்டியது டிஸ்டில்டு வாட்டர். "ஆசிட் கொஞ்சம் விட்டா தெம்பா இருக்குமுங்க" என்கிற மெக்கானிக்கை நம்பினால் கிராவிட்டி ஏறும், பிளேட் அரிக்கும், அட்டையும் செல்லாது. நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரும் டிஸ்டில்டு வாட்டர் அல்ல.

வேறு உபயோகம் என்பது இன்வெர்டர். 2012-ல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தில், வண்டி பேட்டரியைக் கழற்றி வீட்டு இன்வெர்டரில் மாட்டியவர்கள் உண்டு. கார் பேட்டரியின் பிளேட்டுகள் மெலிசு, எண்ணிக்கை அதிகம். சில விநாடி பெரும் கரண்ட் கொடுப்பதற்காகச் செய்தவை. மணிக்கணக்கில் மெதுவாக வடித்து எடுத்தால் பிளேட்டின் பசை உதிர்ந்துவிடும். இன்வெர்டருக்கு டியூபுலர் பேட்டரி என்று தனி வகை இருப்பது அதனால்தான். உதிர்ந்த பசை அடியில் தங்கிக் காட்டிக் கொடுக்கும், கம்பெனி ஆள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்.

மூலம்: "குறைபாடு குறித்துக் கம்பெனியின் முடிவே இறுதியானது. வழக்குகள் கம்பெனியின் தலைமையகம் உள்ள ஊர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டவை."

உரை: இரண்டு வாக்கியமும் மிரட்டுகிற தொனியில் இருக்கின்றன. நுகர்வோர் சட்டத்தின் முன் இரண்டுக்கும் வலு குறைவு. குறைபாட்டைச் சோதனை இல்லாமல் தீர்மானிக்க முடியாது என்றால், பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்கும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அந்தச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் இருக்கிறது. அதனால்தான் "கிளைம் ரிஜக்ட் ஆயிருச்சு" என்று கடைக்காரர் சொன்னவுடன், பழசைப் போட்டு அங்கேயே புதுசு வாங்கிவிடக் கூடாது. அந்தப் பழைய பேட்டரிதான் உங்கள் சாட்சி. அதை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, நிராகரிப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தால் கம்பெனியின் தலைமை அலுவலகம் வரை விஷயம் போகும். பல தகராறுகள் அதிலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் கொல்கத்தாவுக்கோ ஹைதராபாத்துக்கோ போகவேண்டிய அவசியம் இல்லை. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று 34-ஆம் பிரிவு சொல்கிறது. பேட்டரியைப் பாலம் தாண்டி ஈரோட்டில் வாங்கியிருந்தாலும், பள்ளிபாளையத்தில் குடியிருப்பவர் நாமக்கல் மாவட்ட ஆணையத்தில் போடலாம். கடை இருக்கும் ஊர் என்பதால் ஈரோட்டில் போட்டாலும் தடையில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. பில், அட்டை, எஸ்.எம்.எஸ்., ஹைட்ரோமீட்டர் படங்கள், நிராகரிப்புக் கடிதம் ஆகியவற்றின் நகலை இணைத்து, டீலர், கம்பெனி இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துப் போடுங்கள். டீலரை மட்டும் சேர்த்தால் அவர் கம்பெனியைக் கை காட்டுவார், கம்பெனியை மட்டும் சேர்த்தால் அது டீலரைக் கை காட்டும்.